எட்டுச் சாக்கு

ஜன்னலைச் சித்த சாத்திக்குங்க தம்பி. குளிருக்காகச் சொல்லலீங்க. அந்தப் பக்கம் பார்த்தா வானம் தெரியுது, வானத்தைப் பார்த்தா எனக்கு நெஞ்சு படபடங்குது. அதுக்காகத்தான்.

காலுக்கு மூட்டை இடிக்குதுங்களா? இருங்க, இப்படி இழுத்துக்கறேன். ரெண்டு மூட்டை. கண்டக்டர் பின்னால போடச் சொன்னாரு, நான்தான் மாட்டேன்னுட்டேன். உள்ளே என்னன்னு கேக்காதீங்க, நானே பின்னால சொல்றேன்.

என்ன கேட்டீங்க? நாளைக்கு ஊட்டியில உறைபனி விழுமான்னா?

சிரிக்கறேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த பஸ்ஸுல ஐம்பது பேர் உக்காந்திருக்கறாங்க, நீங்க பார்த்துப் பார்த்து என்கிட்டக் கேட்டீங்க பாருங்க. போன வருசம் வரைக்கும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்றதுக்குன்னே நான் விசிட்டிங் கார்டு அடிச்சு வெச்சிருந்தேன். 'நாச்சிமுத்து, குளிர்கால வானிலை ஆய்வாளர்'. அதுக்குக் கீழ, பொடி எழுத்துல, 'நாச்சிமுத்து ஸ்வெட்டர் சென்டர், பஸ் ஸ்டாண்டு எதிரில்'. இன்னும் அரைப் பெட்டி வீட்டுல கெடக்குது. எங்க வீட்டம்மா மேசைக்கால் ஆடாம இருக்க அதை மடிச்சு வெக்கறா.

மணி என்னாச்சுங்க? நாலே முக்காலா? மேல வளைவுல லாரி நின்னுபோச்சுன்னு சொல்லி அரை மணி நேரமாச்சு. குன்னூரே இன்னும் ஏறல. ஆறுக்குள்ள நான் வீடு போய்ச் சேரணும். இருட்டுனதுக்கு அப்புறம் போயிப் பிரயோசனம் இல்லீங்க. ஏன்னு கேட்டா அது பெரிய கதை. சரி, லாரி நவுந்தாத்தானே நாமளும் நவுருவோம். கேளுங்க.

எனக்குச் சொந்த ஊரு காங்கயம் பக்கம். வெயில்ல பொறந்து வெயில்ல வளர்ந்தவன். ஊட்டிக்கு வந்து முப்பது வருசமா ஸ்வெட்டர் விக்கறேன். ஸ்வெட்டர் விக்கறதுன்னா என்னங்க, குளிரை விக்கறதுதான். குளிரு வந்தா கல்லாவுல உக்காரலாம், வரலைன்னா வாசல்ல நின்னு ஈ ஓட்டலாம். அப்படிப்பட்ட பொழப்புக்காரன் 'நாளைக்குக் குளிரும்'னு சொன்னா எவனாவது நம்புவானுங்களா? இது சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியல பாருங்க.

நாலு வருசம் முன்னால எம்பொண்ணு என் பொறந்த நாளுக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் குடுத்தா. சொவத்துல மாட்டறது, சீரோவுக்குக் கீழயும் காட்டும். அதை எங்க மாட்டினேன்னு கேளுங்க. கடை வாசல் தூணுல. அந்தத் தூணுக்கு அந்தப் பக்கம் அலவியோட டீக்கடை. தூணை ஒட்டி அவரு பாய்லர். ஊரே பல்லு கிட்டிக்கிட்டு நிக்குது, என் கருவி பதினேழுன்னு காட்டுது. நானும் நோட்டுப் போட்டு எழுதறேன், 'மிதமான குளிர்'. பன்னெண்டு நாள் எழுதினேன். பதிமூணாம் நாள் டீ மாஸ்டர் லீவு, பாய்லர் பத்த வெக்கல. கருவி ஆறுக்கு இறங்கிருச்சு. 'வரலாறு காணாத வெப்பநிலைச் சரிவு'ன்னு தெரிஞ்சவங்க எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பிச்சேன். அலவி அதைப் படிச்சுப்போட்டுத் தூணைச் சுத்தி ஒரு நடை நடந்து காட்டினாரு. சுத்தி வந்தாரு, அவ்வளவுதான். எனக்கு வெளங்கிருச்சு.

அப்புறம் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோயி காம்பவுண்டுச் சொவத்துல மாட்டினேன். எங்க வீடு மேட்டு மேல. கீழ பள்ளத்துல பூராக் காய்கறிக் காடு, உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட். என் கருவி நாலுன்னு காட்டும், நான் பனி இல்லைன்னு சொல்லுவேன், கீழ பள்ளத்துல பார்த்தா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையாக் கெடக்கும். ஒரு மாசம் மண்டையப் போட்டு ஒடைச்சுக்கிட்டேன். எங்க வீட்டம்மா, கோகிலா, துணி காயப்போட்டுக்கிட்டே சொன்னா, "குளுந்த காத்து தண்ணி மாதிரிங்க, கீழ போயித்தான் தேங்கும். நீங்க மேட்டுல உக்காந்துக்கிட்டு பள்ளத்துக்காரனுக்குச் சேதி சொல்றீங்க"ன்னு. அவ எட்டாவதுங்க. நான் பி.காம்.

அப்பத்தான் போஜன்கிட்டப் போனேன். போஜன் படகர். எங்க வீட்டுக்கு நேர் கீழ ஒன்றரை ஏக்கர் உருளைக்கிழங்கு. அறுபது வயசு இருக்கும். எப்பவும் ஒரு வெள்ளைப் போர்வை. பத்து வார்த்தை சொல்ல வேண்டிய எடத்துல ஒண்ணு சொல்லுவாரு. காட்டு நடுவுல குச்சி நட்டு என் கருவியை மாட்டிக்கட்டுமான்னு கேட்டேன். "சரி"ன்னாரு. வெடியால அளவு பார்த்துச் சொல்ல முடியுமான்னு கேட்டேன். அதுக்கும் "சரி". அதுல இருந்து தெனமும் காலைல ஆறு மணிக்குப் போன் வரும். "கடைக்காரரே, மூணு." வெச்சுருவாரு. மறுநாள், "கடைக்காரரே, ஒண்ணு." வெச்சுருவாரு. ரெண்டு குளிர்காலம் ஒருநாள் தவறாம சொன்னாருங்க. தன் பொண்ணு கல்யாணத்தன்னிக்கும் சொன்னாரு. பின்னால மேளம் கேக்குது, இவரு "கடைக்காரரே, அஞ்சு"ங்கறாரு.

அவருக்கு என்ன லாபம்னு கேப்பீங்க. சொல்றேன். ராத்திரி பனி விழுந்து இலை மேல வெள்ளையாப் படிஞ்சிருதுங்களா, அதனால பாதி கெடுதல்தான். சூரியன் வந்து அது மேல சுள்ளுன்னு அடிச்சா முழுக் கெடுதல், இலை கருகிப்போயிரும். அதனால வெயில் ஏறறதுக்கு முன்னால ஸ்பிரிங்க்ளர் வெச்சுத் தண்ணி அடிச்சுப் பனியைக் கழுவி விட்டுரணும். அதுக்குத் தண்ணி வேணும். போஜனோட குட்டையில மூணு காலைக்குத்தான் தண்ணி தாங்கும். மறுபடி ஊறி நெறைய ஒரு வாரம் ஆகும். எந்தக் காலைன்னு முன்னாடி நாள் பொழுதோடயே தெரியணும். தப்பான நாள்ல அடிச்சுப்போட்டா சரியான நாள்ல குட்டை வறண்டு கெடக்கும். அதுக்குத்தான் நான்.

நானும் சும்மா சொல்லலீங்க. கத்துக்கிட்டேன். வானத்துல மேகம் இருந்தா பனி இல்லை, மேகம் பூமிக்குக் கம்பளி மாதிரி. காத்து அடிச்சாலும் இல்லை. மழை தூறி வெறிச்சு, வானம் கழுவி விட்ட மாதிரி ஆகி, பொழுதோட காத்தும் நின்னு, கீழ குடிசையில இருந்து வர்ற பொகை மேல போகாம பள்ளத்துலயே படுத்துக்கிச்சுன்னா, மறுநாள் பனி நிச்சயம். எம்பொண்ணு வாட்ஸ்அப் குரூப்பு ஆரம்பிச்சுக் குடுத்தா. 'பனி நிலவரம்'. சாயங்காலம் சரியா அஞ்சு மணிக்கு ஒரே வரி போடுவேன். 'நாளை உறைபனி உண்டு', இல்லாட்டி 'இல்லை'. முந்தின வருசம் பத்துக்கு எட்டு சரியா வந்துச்சு. லாட்ஜுக்காரங்க போன் பண்ணிக் கேப்பாங்க, டூரிஸ்டுக்குப் பனி காட்டணுமே. எனக்குத் தலைகால் புரியல. கார்டு அடிச்சது அப்பத்தான்.

ஆனா டீக்கடையில மட்டும் என் பருப்பு வேகல. தற்செயலா ஒரு தடவை, ரெண்டு தடவை, லூதியானாவுல இருந்து எனக்கு ஸ்வெட்டர்ச் சரக்கு வந்த நாளும் பனி விழுந்த நாளும் ஒண்ணாயிருச்சு. அலவி பிடிச்சுக்கிட்டாரு. "நாச்சி அண்ணனுக்குச் சரக்கு வந்தா ஊருக்குப் பனி வரும்." எல்லாரும் சிரிப்பாங்க. இன்னொருத்தன் கேப்பான், "அண்ணே, நாளைக்கு எத்தனை டஜன் பனிங்க?"ன்னு. நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். சிரிச்சுப்போட்டு வீட்டுக்குப் போயி சோறு எறங்காது. நான் யோக்கியன் தம்பி. பேன்ட் கிழிஞ்ச ஸ்வெட்டரைக்கூட, கிழிஞ்சிருக்குதுன்னு சொல்லித்தான் குடுப்பேன். என்னைப் போயி இப்படிச் சொல்றாங்களேன்னு புழுங்கிப் புழுங்கி வருவேன்.

என்ன சொன்னேன், பேன்ட் கிழிஞ்ச ஸ்வெட்டரா? பாருங்க, இனிமே சொல்லப்போற நாளை நினைச்சாலே வாய் குளறுது. கை கிழிஞ்ச ஸ்வெட்டர்.

அந்த நாளுக்கே வந்துட்டேன். போன தை மாசம், பொங்கல் கழிஞ்சு மூணாம் நாள். அதுக்கு முன்னால நாலு நாள் விடாத தூறல். அன்னிக்கு மத்தியானம் வெறிச்சுது. வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லை. காத்து வறண்டு போயி உதடு வெடிக்குது. கத்துக்குட்டிகூடச் சொல்லிருவான், நாளைக்குப் பனி கொட்டும்னு. நான் மனசுக்குள்ள 'உண்டு'ன்னு எழுதியே முடிச்சுட்டேன்.

மூணரை மணிக்கு லாரி வந்து நின்னுச்சுங்க. டிசம்பர்லயே வர வேண்டிய லூதியானாச் சரக்கு. எங்கெங்கயோ சுத்திப்போட்டு அன்னிக்குன்னு பார்த்து வந்து நிக்குது. பதினாலு மூட்டை. ஒவ்வொண்ணா இறக்கறாங்க, டீக்கடைக்காரங்க ஒவ்வொண்ணா எண்ணறாங்க. அலவி கிளாசைக் கையில வெச்சுக்கிட்டு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு, "இன்னிக்கு அஞ்சு மணிக்கு என்ன போடுவாருன்னு நான் இப்பவே சொல்றேன்."

அஞ்சு மணி. எட்டுப் பேரு டீக்கடை பெஞ்சுல உக்காந்து போனைக் கையில வெச்சுக்கிட்டு என் மூஞ்சியைப் பார்க்கறாங்க. நான் 'உண்டு'ன்னு அடிச்சுட்டேன். அனுப்பறதுக்கு விரலு போயிருச்சு. தலையைத் தூக்கினேன். அலவி உதட்டைக் கடிச்சுக்கிட்டு, சிரிப்பை அடக்கிக்கிட்டு நிக்கறாரு. அழிச்சேன். 'நாளை உறைபனி இல்லை'ன்னு அடிச்சு அனுப்பிப்போட்டேன்.

நான் யோக்கியன்னு காட்டறதுக்காகப் பொய் சொன்னேனுங்க. இப்படி ஒரு முட்டாளை நீங்க எங்கயாவது பார்த்திருக்கறீங்களா?

பெஞ்சே அசந்துபோச்சு. "அட, நாச்சி அண்ணன் அப்படி ஆளில்லையப்பா"ன்னு ஒருத்தன் சொன்னான். அலவி பக்கத்துல வந்து தன் கையால எனக்கு ஒரு டீ குடுத்தாரு. "தப்பா நினைச்சுட்டேன் அண்ணே"ன்னாரு. அந்த டீ மாதிரி ஒரு டீ நான் குடிச்சதே இல்லை. பொய் சொல்லக் கூடாது, நெம்ப நல்லா இருந்துச்சு.

வீட்டுக்குப் போனேன். காம்பவுண்டுச் சொவத்து மேல கோகிலா எட்டுப் பூந்தொட்டி வரிசையா வெச்சிருக்கறா. ரோஜாவும் ஜெரேனியமும். மலர்க் கண்காட்சி சமயத்துல வீட்டுத் தோட்டத்துக்குப் பரிசு குடுப்பாங்க, அதுக்காகக் கொழந்தை மாதிரி வளர்க்கறா. நான் செருப்பைக்கூடக் கழட்டல. "கோகிலா, தொட்டிக்கெல்லாம் சாக்கு போட்டுரலாமா?"ன்னு கேட்டேன்.

அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. "இல்லைன்னு போட்டிருந்தீங்களே. நானும் குரூப்புலதான் இருக்கறேன்."

"ஒரு முன்னெச்சரிக்கைக்குத்தான்."

"அப்ப போஜண்ணனுக்கும் ஒரு முன்னெச்சரிக்கை சொல்லிருங்க."

"சொல்றேன்."

"இப்பச் சொல்லுங்க. நான் பார்க்கறேன்."

போனை எடுத்தேனுங்க. போஜன் பேரு வரைக்கும் வந்துட்டேன். அப்புறம் ஒரு யோசனை. இவருகிட்ட உண்டுன்னு சொன்னா வெடியால மோட்டார் ஓடும். மோட்டார் ஓடுனா பக்கத்துக் காட்டுக்காரன் கேப்பான். அவன் ஒம்பது மணிக்கு டீக்கடைக்கு வருவான். 'ஊருக்கு இல்லைன்னு சொல்லிப்போட்டு சிநேகிதனுக்கு மட்டும் உண்டுன்னு சொன்னாராம்'னு அலவி காதுல விழும். குடிச்ச டீயெல்லாம் வீணாப் போயிரும். கோகிலா அடுப்பைப் பார்க்க உள்ளே போனா. நான் போனைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, எட்டுச் சாக்கை எடுத்து எட்டுத் தொட்டிக்கும் நானே போட்டேன். கயிறு வெச்சுக் கட்டவும் கட்டினேன். அப்புறம் சொவத்தோரமா நின்னுக்கிட்டு ஒரே ஒரு துண்டு மேகம் வந்துரணும்னு மருதமலை முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். கீழ குடிசைப் பொகை பள்ளத்துல படுத்துக்கெடக்குது, நான் மேகம் கேட்டு வேண்டறேன்.

வெடிஞ்சுது. பள்ளம் பூரா வெள்ளை. டூரிஸ்டுக்காரங்க ரோட்டோரமா வண்டியை நிறுத்திப்போட்டுப் பனியை வழிச்சு வழிச்சு போட்டோ எடுக்கறாங்க. ஆறு மணி ஆச்சு, போன் வரல. ஆறே கால், வரல. ரெண்டு குளிர்காலத்துல அதுதான் முதல் தடவை.

பக்கத்துக் காட்டுக்காரங்க மூணு பேரும் தப்பிச்சுட்டாங்க. எப்படின்னு கேளுங்க. நான் என்ன போட்டாலும் சரி, எனக்குச் சரக்கு வந்தா பனி உண்டுன்னு அவங்களுக்குள்ள ஒரு கணக்கு. வெடியால எந்திரிச்சுத் தண்ணி அடிச்சுட்டாங்க. என்னை நம்பாதவன் அத்தனை பேரும் பொழைச்சான். நம்பின ஒருத்தர்தான் போனாரு.

ஒம்பதரைக்குப் போஜன் கடைக்கு வந்தாரு. கையில ஒரு பேப்பர்ப் பொட்டலம். நான் எந்திரிச்சு நின்னேன். சத்தம் போடுவாரு, நாலு வார்த்தை கேப்பாரு, கேட்டா கால்ல விழுந்துரலாம்னு தயாரா இருந்தேன். அவரு பொட்டலத்தைக் கல்லா மேல வெச்சாரு. என் தெர்மாமீட்டர்.

"மைனஸ் ரெண்டு"ன்னாரு. "போன்ல வேண்டாம், நேர்ல சொல்லிக்கலாம்னு வந்தேன்."

அவரு ரேக்கைப் பார்த்துக்கிட்டே, "ஒரு ஸ்வெட்டர் குடுங்க. கனமா"ன்னாரு. முப்பது வருசமா எங்கடையைத் தாண்டிப் போற மனுசன், ஒரு மப்ளர் வாங்கினதில்லை. எதுக்குங்கண்ணான்னேன். "இனிமே தெனமும் வெடியால நானே எந்திரிச்சுப் பார்க்கணும். மோட்டார்கிட்ட நிக்கறதுக்குப் போர்வை தோதுப்படாது."

இருக்கறதுலயே நல்லதா, ஊதா நெறத்துல ஒண்ணு எடுத்துக் குடுத்து, காசு வேண்டாங்கண்ணான்னு கையெடுத்துக் கும்பிட்டேன். வாங்கல. "இனாமா வாங்கினா, அப்புறம் நீங்க சொல்றதை நம்ப வேண்டியதாப் போயிரும்"னு சொல்லி, எண்ணி வெச்சுட்டாரு. அங்கயே போட்டுக்கிட்டாரு. படி இறங்கப் போனவரு நின்னு, "வீட்டுல பூந்தொட்டியெல்லாம் சௌக்கியமா?"ன்னு கேட்டாரு.

"நல்லா இருக்குதுங்கண்ணா"ன்னேன். அவரு ஏன் கேக்கறாருன்னு புரியாம, மரியாதையா, பதில் வேற சொன்னேன்.

அந்தப் பக்கம் தூணோரமா நின்ன அலவி விவரம் தெரியாம ஒரு போடு போட்டாரு பாருங்க. "பனி இல்லைன்னு சொல்லியே ஒரு ஸ்வெட்டர் வித்துட்டீங்களே அண்ணே, பெரிய ஆளுதான்." பெஞ்சு பூராச் சிரிப்பு. அன்னிக்கு நான் கூடச் சேர்ந்து சிரிக்கல.

மத்தியானம் கடையைச் சாத்திப்போட்டுக் காட்டுக்கு இறங்கினேன். போஜன் இல்லை. பூ வெச்ச செடி, ஒன்றரை ஏக்கரும் சுடுதண்ணி ஊத்தின மாதிரி கருகித் தொங்குது. அடுத்த வருசத்துக்கு விதைக்கிழங்குக்குன்னு விட்டிருந்த காடு அது. நடுவுல கருவி மாட்டின குச்சி மட்டும் நிக்குது. அதுக்குப் பக்கத்துல போயி நின்னேன். வெடியால போஜன் எங்க நின்னு அளவு பார்த்திருப்பாரோ, அதே எடம். தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

நேர் மேல எங்க வீடுங்க. காம்பவுண்டுச் சொவரு. சொவத்து மேல வரிசையா எட்டுச் சாக்கு. கயிறு கட்டி. நான் காலைல அவுக்கக்கூட மறந்துட்டேன்.

அவரு மைனஸ் ரெண்டைப் பார்த்திருக்கறாரு. தலையைத் தூக்கி இதைப் பார்த்திருக்கறாரு. அப்புறம்தான் கடைக்கு வந்திருக்கறாரு. எனக்கு அந்தக் காட்டுலயே அழுகை வந்துருச்சு தம்பி. அம்பத்தெட்டு வயசு ஆளு, உருளைக்கிழங்குக் காட்டுல நின்னு தேம்பித் தேம்பி அழுதேன்.

குரூப்புல எழுதறதை அன்னிக்கோட விட்டேன். குரூப்பு இன்னும் இருக்குது, காலை வணக்கம் படமும் கீரை வைத்தியமும் வருது. போஜனுக்கு எத்தனையோ தடவை போன் போட்டேன். என் நம்பரு, கோகிலா நம்பரு, எதைப் பார்த்தாலும் எடுக்க மாட்டாரு. வழியில பார்த்தா தலையாட்டுவாரு, அவ்வளவுதான். தெரிஞ்சே பொய் சொன்னேன்னு அவருகிட்ட இன்னும் நான் வாயைத் தெறந்து சொல்லல. வேற யாருகிட்டயும் சொன்னதில்லை. ஏன் உங்ககிட்டச் சொல்றேன்னு தெரியல. ஊட்டியில இறங்கி நீங்க உங்க வழியில போயிருவீங்க, அதனாலயா இருக்கும்.

ஆனா ஒண்ணு நடந்துச்சு. அடுத்த வாரம், கருகின செடி அடியில புதுத் துளிர் எட்டிப் பார்க்கற சமயம், ஒருநாள் பொழுதோட வானம் வெறிச்சுக் கெடந்துச்சு, நான் தொட்டிக்குச் சாக்கு போட்டுக்கிட்டு இருந்தேன். கீழ வரப்புல ஊதா ஸ்வெட்டர். போஜன் அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்கறாரு. எட்டையும் போட்டு முடிச்சேன். அவரு திரும்பி மோட்டார் ரூமுக்குப் போயி ஸ்பிரிங்க்ளர் மாட்டற பைப்பையெல்லாம் எடுத்து வெச்சாரு. மறுநாள் மேகம். நான் சாக்கு போடல. அவரு சித்த நேரம் நின்னு பார்த்துப்போட்டு வீட்டுக்குப் போயிட்டாரு.

நான் சொல்றதை அவரு கேக்கறதில்லைங்க. நான் செய்யறதைப் பார்க்கறாரு. அதுல இருந்து குளிர்காலம் பூரா, இப்ப இந்தக் கார்த்திகையில இருந்தும், சாயங்காலம் ஆறுக்குள்ள நான் சொவத்தோரமா இருப்பேன். எட்டுச் சாக்கு, இல்லாட்டி வெறுந்தொட்டி. ஒரு நாள் தப்பினதில்லை. இப்பப் பக்கத்துக் காட்டுக்காரங்க மூணு பேருமே அண்ணாந்து பார்க்கறாங்க. கோகிலாகூடச் சொல்லுவா, "உங்க வாயை விடச் சாக்கு யோக்கியம்"னு.

இப்பப் புரியுதுங்களா, வானம் பார்த்தா ஏன் படபடங்குதுன்னு? மூணு நாள் தூறல், நேத்து ராத்திரியே வெறிச்சிருச்சு. காலைல நான் கிளம்பறப்பவே காத்து வறண்டு வெடுவெடுன்னு இருந்துச்சு. இப்பப் பாருங்க, அந்த மரத்துல ஒரு இலை ஆடுதுங்களா? கோகிலாவைக் கோயமுத்தூர்ல பொண்ணு வீட்டுல விட்டுப்போட்டு வர்றேன், பிரசவ சமயம். வீடு பூட்டிக் கெடக்குது, கேட்டும் பூட்டு, சாவி இதோ என் இடுப்புல. போஜன் இந்நேரம் வரப்புக்கு வந்திருப்பாரு. வெறுந்தொட்டியைப் பார்ப்பாரு. பனி இல்லைன்னு வீட்டுக்குப் போயிருவாரு. திரும்பவும் பூ வெச்ச செடிங்க தம்பி. திரும்பவும் நான்.

இந்த மூட்டையில என்னன்னு இப்பச் சொல்லட்டுமா? மருமவன் திருப்பூர்ல இருந்து எடுத்து வெச்ச சரக்கு. ஸ்வெட்டரும் குல்லாவும். ஆமாங்க, சரக்கு வர்ற அன்னிக்கேதான். கடவுளுக்கும் அலவி கடையில அக்கவுண்டு இருக்குது போல. நீங்க பனி விழுமான்னு கேட்டதும் எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுங்களா? 'உண்டு, ஆனா குல்லா எதிர்க்கடையில வாங்கிக்குங்க'ன்னு சொல்லணும்னு தோணுச்சு. ஒரு வருசமா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றேன். எதிர்க்கடைக்காரன் மாடி எடுத்துக் கட்டிப்போட்டான்.

என்னங்க? உங்க போனா? ... அட, ஆமா. அது அவருக்குத் தெரியாத நம்பரு. எடுப்பாரு. இது எனக்குத் தோணல பாருங்க. குடுங்க, குடுங்க. நம்பரு எனக்கு மனப்பாடம்.

மணி அடிக்குது. ...

அலோ, போஜண்ணனுங்களா? வெச்சுராதீங்க. நான்தான், நாச்சிமுத்து. குன்னூருக்குக் கீழ பஸ்ஸு நின்னுபோச்சுங்கண்ணா, வீட்டுக்கு வந்து சேர முடியாது. தொட்டியைப் பார்க்காதீங்க. உண்டு. நாளைக்கு உண்டு. ... இருங்க, இருங்க, இன்னொண்ணு. போன தையில அன்னிக்கும் உண்டுன்னு எனக்குத் தெரியுங்கண்ணா. தெரிஞ்சேதான் இல்லைன்னு போட்டேன். டீக்கடையில சிரிப்பாங்கன்னுதான். ... ஆமாங்க. ... ஆமாங்கண்ணா. ... ரெண்டு மூட்டைங்க. காலுக்கடியிலதான் வெச்சிருக்கறேன். ... சரிங்க. சரிங்கண்ணா.

இந்தாங்க தம்பி, உங்க போனு.

என்ன சொன்னாருங்களா? நான் எல்லாத்தையும் கொட்டி முடிக்கற வரைக்கும் கேட்டாரு. அப்புறம், "தெரியும்"னாரு. வரப்புலதான் நிக்கறாராம், வெறுந்தொட்டியைப் பார்த்தும் நம்பிக்கை இல்லாம, வானத்தையும் சொவத்தையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு நிக்கறாராம். அப்புறம் கேட்டாரு, "கடைக்காரரே, இன்னிக்குச் சரக்கு வந்துச்சுங்களா?"ன்னு. ரெண்டு மூட்டைன்னேன். சிரிச்சாருங்க. போஜன் சிரிச்சு நான் கேட்டதே இல்லை, அவரு பொண்ணு கல்யாணத்தன்னிக்குக்கூட இல்லை. "அப்பப் பனி நிச்சயம்"னு சொல்லி வெச்சுட்டாரு.

ஜன்னலைத் தெறந்துக்குங்க தம்பி. நல்லாத் தெறந்து வெச்சுக்குங்க. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு உங்களுக்குப் பனி உண்டு, சத்தியமா உண்டு. நீங்க என்னடான்னா காது மூட ஒரு துணி இல்லாம வந்திருக்கறீங்க. இருங்க, மூட்டையை அவுக்கறேன்.